அண்ணனுக்கு, மில்லை விற்பது பற்றி

அன்புள்ள அண்ணே,

நம் அரிசி மில்லை விற்க முடிவு பண்ணிவிட்டேன். அட்வான்ஸும் வாங்கியாச்சு. போனில் சொல்லலாம் என்றால் உன் உதவியாளர்தான் எடுக்கிறார், "ஐயா மீட்டிங்ல இருக்காங்க" என்கிறார். எல்லோரும் படிக்கிற மாதிரி இங்கே எழுதினால் சாயங்காலத்துக்குள் உன் கட்சிக்காரர் யாராவது படித்துக் காட்டிவிடுவார். எதிர்க்கட்சிக்காரர்களும் படிப்பார்கள், தெரியும். அதனால் வாங்குகிறவர் யார், என்ன விலை, பேங்க் பாக்கி எவ்வளவு, எதுவும் இங்கே கிடையாது. நேரில் வந்தால் சொல்கிறேன்.

கேட்காமல் செய்ததற்கு மன்னித்துக்கொள். கேட்டிருந்தால் "தேர்தல் முடியட்டும்டா" என்றிருப்பாய். உனக்கு எப்போதும் ஏதோ ஒரு தேர்தல் இருக்கிறது.

நம் வீட்டுக் கதை உனக்குத் தெரியும். தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். 2024 டிசம்பரில் அமெரிக்க முன்னாள் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் நூறு வயதில் இறந்தபோது நீ இரங்கல் பதிவு போட்டாய். நான் அவர் தம்பி பில்லியைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். ஜார்ஜியா மாநிலத்தில் ப்ளெயின்ஸ் என்று ஒரு சின்ன ஊர், வேர்க்கடலை வியாபாரம். அவர்கள் அப்பாவும் அரசியல்தான். மாநிலச் சட்டசபைக்குப் போய் அதிக நாள் ஆகவில்லை, 1953-இல் கணையப் புற்றுநோயில் இறந்துவிட்டார். பில்லிக்கு 16 வயது. கடற்படையில் இருந்த ஜிம்மி வேலையை விட்டு வந்து மண்டியில் உட்கார்ந்தார். பில்லி பள்ளிக்கூடம் முடித்த கையோடு மரைன் படைக்குப் போய்விட்டார். பின்னால் திரும்பி வந்து, அண்ணன் கவர்னராக, ஜனாதிபதி வேட்பாளராக ஊர் ஊராகப் போனபோது மண்டியை நடத்தியது அவர்தான். அவர்கள் அம்மா லில்லியன் வயதான காலத்தில் மும்பை விக்ரோலிக்கு வந்து நோயாளிகளைப் பார்த்துக்கொண்டவர். இதை நம் அம்மாவிடம் சொன்னேன். "அந்தம்மா பிள்ளைங்க சண்டைக்குப் பயந்து ஓடி வந்திருக்கும்" என்றார்.

ஜனாதிபதி ஆனதும், யாரும் ஒரு வார்த்தை சொல்லிவிடக் கூடாது என்று ஜிம்மி மண்டியில் தன் பங்கை ஒரு வழக்கறிஞரின் பொறுப்பில் விட்டார். நல்ல காரியம், யார் இல்லை என்றார்கள்? ஆனால் அதுவரை முதலாளி மாதிரி நின்ற பில்லி 1977-இல் வெளியே வந்துவிட்டார்.

நமக்கும் அரசு நெல்லை அரைத்துக் கொடுக்கும் ஒப்பந்தம் இருந்தது. நூறு கிலோ நெல்லுக்கு 68 கிலோ புழுங்கல் அரிசி திருப்பிக் கொடுக்க வேண்டும். பெரிய லாபம் இல்லை, ஆனால் வெளி வியாபாரம் படுத்தாலும் மெஷின் நிற்காது. உனக்கு சீட் கிடைத்ததும் "அதை விட்டுடு, பேச்சு வரும்" என்றாய். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 9ஏ பிரிவு வேட்பாளர் பேரிலேயே அரசு ஒப்பந்தம் இருந்தால்தான் தகுதி இல்லை என்கிறது. லைசென்ஸ் என் பேரில்தானே இருந்தது! இருந்தும் விட்டேன். உன் பேருக்காக விட்டேன் என்று வெளியில் சொன்னேன். உண்மையில் உன்னோடு வாதாடத் தெம்பில்லை.

சரி, அந்த மழை ராத்திரி. அவித்த நெல் களம் முழுக்கக் காய்ந்துகொண்டிருந்தது. திடீரென்று கொட்டியது. இருந்த ஆட்கள் போதவில்லை. கூட்டம் முடிந்து போகிற வழியில் நீ காரை நிறுத்தினாய். வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நேராகக் களத்துக்குள் இறங்கி, தார்ப்பாயின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தாய். வழுக்கி விழுந்தாய், சிரித்தாய். "இன்னும் அந்தப் பக்கம் இழுடா" என்று அப்பா குரலிலேயே கத்தினாய். பாதி நெல்லாவது தப்பியது. அப்புறம் பாய்லர் பக்கத்தில் எல்லோரோடும் உட்கார்ந்து ரசம் சோறு சாப்பிட்டாய். அன்றைக்கு நீ மில்லிலேயே இருந்துவிடக் கூடாதா என்று நினைத்தேன். இப்போதும் நினைக்கிறேன்.

உன்னோடு வந்தவர் ஒருவர் போட்டோ எடுத்திருந்தார். உன் முதல் தேர்தல் நோட்டீஸில் அது வந்தது. தார்ப்பாயின் மறுமுனையை நான்தான் பிடித்திருந்தேன். ஆளை வெட்டிவிட்டார்கள், கை மட்டும் ஓரத்தில் நின்றது. நோட்டீஸ் அச்சுக்குப் போகுமுன் நீ பார்த்தாய் என்று எனக்குத் தெரியும். இத்தனை வருஷம் கேட்கவில்லை. இப்போதும் பதில் வேண்டாம்.

பில்லியின் மிச்சக் கதையை ஊரே அறியும். அவர் பேரில் ஒரு பீர் வந்தது, அடுத்த வருஷமே அந்தக் கம்பெனி படுத்துவிட்டது. லிபியா அரசிடம் 2,20,000 டாலர் வாங்கினார், 1980-இல் செனட் விசாரணை வந்தது, அந்த நவம்பரில் அண்ணன் தோற்றார். அதை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் அதற்கு முன்பே மண்டிக்கு வந்த பேங்க் கடன் தேர்தல் செலவுக்குப் போனதா என்று ஒரு தனி விசாரணை நடந்தது. போகவில்லை என்று 1979-இல் முடிவானது. அதை யார் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்? (இதைப் படிக்கும் எதிர்க்கட்சி நண்பர்களுக்கு: எங்கள் மில் கணக்கு ஆடிட்டரிடம் இருக்கிறது, ஒழுங்காக இருக்கிறது.)

பதவி முடிந்து ஊர் திரும்பிய ஜிம்மிக்கு மண்டியில் சுமார் 10 லட்சம் டாலர் கடன் காத்திருந்தது. 1981-இல் விற்றுவிட்டார். தம்பி இருந்திருந்தால் கடன் வந்திருக்காது என்று நான் சொல்ல முடியாது. சொல்லத் தோன்றுகிறது, அவ்வளவுதான். பில்லி 1979-இல் சிகிச்சை எடுத்துக் குடியை விட்டார். 1988-இல், 51 வயதில், அப்பாவுக்கு வந்த அதே நோயில் போனார்.

நான் அவர் இல்லை. பீரும் இல்லை, லிபியாவும் இல்லை. எனக்கு வயது ஆகிறது, "எம்எல்ஏ தம்பி" என்று சொல்லாமல் என்னிடம் யாரும் நெல் விலை பேசுவதில்லை, நீ தோற்ற வருஷங்களில் பேசவே வருவதில்லை. உன்மேல் குறை சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை. ஆனாலும் குறைதான்.

இடம் நம் ரெண்டு பேர் பேரிலும் இருக்கிறது, அதனால் பத்திரப் பதிவுக்கு நீ வந்தாக வேண்டும். ஆதார், பான் கார்டு ரெண்டும் ஒரிஜினல் வேண்டும். கொடி கட்டிய காரில் வராதே, வாங்குகிறவர் பயப்படுவார். தேதியை அண்ணியிடம் சொல்லியிருக்கிறேன், உதவியாளரிடம் சொல்லவில்லை.

உன் தம்பி