தெற்குக் கரையோர விடுதிக்காரர்களுக்கு: கடலைப் பற்றியும் கொஞ்சம் சொல்லுங்கள்

இலங்கையில் பெந்தோட்டை முதல் மிரிஸ்ஸ வரை கடலோரத்தில் விடுதி நடத்தும் அன்பர்களுக்கு,

மார்கழி பிறந்தால் கொழும்பு வெள்ளவத்தை வீடுகளில் பாய்க்குப் பஞ்சம். ரொறன்ரோவில் பனி தள்ளிக் களைத்தவர்களும் லண்டன் குளிரில் விறைத்தவர்களும் பிள்ளைகுட்டிகளோடு வந்து இறங்குகிறார்கள். பாடசாலை விடுமுறையும் அதே நேரம். வடகிழக்குப் பருவப்பெயர்ச்சியால் கிழக்குக் கரையின் நிலாவெளியும் பாசிக்குடாவும் கொந்தளிக்கும் மாதங்கள் இவை. உங்கள் பக்கத்துக் கடலோ அடங்கியிருக்கும். ஆகவே வாகனம் பிடித்து உங்களிடம்தான் வருகிறோம். நீங்கள் துவாய் தருகிறீர்கள், வைஃபை கடவுச்சொல் தருகிறீர்கள், காலைச் சாப்பாட்டு நேரம் சொல்கிறீர்கள். கடலைப் பற்றி மட்டும் வாய் திறப்பதில்லை. அதைக் கேட்டுத்தான் இந்த மடல்.

அடங்கிய கடல் என்ற நம்பிக்கையில்தான் நாங்கள் ஏமாறுகிறோம். அலைகள் கரைக்குத் தள்ளிக்கொண்டு வரும் தண்ணீர் எப்படியும் திரும்பிப் போக வேண்டும். மணல்திட்டிலோ பாறைகளுக்கு நடுவிலோ இடைவெளி கிடைத்தால், அந்த வழியே ஒன்றுசேர்ந்து வேகமாக ஆழத்துக்கு ஓடும். அந்த இடத்தில் அலை உடையாது, நுரை குறைவாக இருக்கும், நீர் சற்றுக் கருத்துத் தெரியும். கடலறியாத கண்ணுக்கு அதுதான் பத்திரமான இடம். ‘இங்கே அலையே இல்லை, பிள்ளையை இறக்கு’ என்று நாமே தேடிப்போய் அந்த வாய்க்குள் நிற்கிறோம். இழுத்துக்கொண்டு போனால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தக் கூடாது; பதறாமல் மிதந்து, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து, இழுப்பு விட்ட பிறகே கரைக்குத் திரும்ப வேண்டும். நீச்சல் தடாகத்தில் பதக்கம் வாங்கிய கனடாப் பிள்ளைக்கும் இது தெரியாது. உங்கள் சமையற்கட்டில் வேலை செய்யும் பையனின் தகப்பன் மீன்பிடிகாரராக இருந்தால், அவருக்குத் தெரியும். இன்று எந்தப் பக்கம் இறங்கலாம், எங்கே கூடாது என்று அவரிடம் கேட்டு வாசலில் ஒரு கரும்பலகையில் எழுதி வைக்க என்ன செலவாகும்?

எழுதும்போது தமிழிலும் எழுதுங்கள். அரசியலமைப்பின் 1987ஆம் ஆண்டு 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. தனியார் விடுதியான உங்களை அது கட்டுப்படுத்தாது என்று நீங்கள் சொல்லலாம். நான் சட்டம் பேச வரவில்லை. எங்களோடு வரும் அம்மம்மாவுக்கு ஆங்கிலமும் தெரியாது, சிங்களமும் வாசிக்க வராது. பேரப்பிள்ளைகளைக் கரையில் நின்று பார்த்துக்கொள்பவர் அவர்தான். சிவப்புக் கொடி என்றால் இறங்கக் கூடாது, சிவப்பும் மஞ்சளுமான இரண்டு கொடிகளுக்கு நடுவில்தான் குளிக்க வேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தால் போதும். குடும்பத்தில் யாரும் அவர் சொல்லைத் தட்டமாட்டார்கள்.

இன்னொன்று. நீச்சல் தடாகத்தில் நீச்சலுடை கட்டாயம் என்று பல விடுதிகளில் விதி. சுகாதாரக் காரணம் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சுடிதாரோடு வரும் பெண்களைத் தடாகத்திலிருந்து எழுப்பிவிட்டால் அவர்கள் எங்கே போவார்கள்? நேரே கடலுக்கு. காலைச் சுற்றிக்கொண்டு கனக்கும் நனைந்த துணியோடு, இரண்டில் ஆபத்து அதிகமான தண்ணீருக்கு. உடலை மூடும் நீச்சலுடைகள் கொழும்புக் கடைகளில் கிடைக்கின்றன. சிலவற்றை வாங்கி வைத்து வாடகைக்குக் கொடுங்கள். உங்களுக்கும் வருமானம்.

மிரிஸ்ஸவில் திமிங்கிலம் பார்க்கும் பருவம் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை. படகு டிக்கெட்டை உங்கள் வரவேற்பு மேசையிலேயே விற்கிறீர்கள். அப்படியானால் பிள்ளைகளின் அளவுக்கு உயிர்காப்பு அங்கி இருக்கிறதா என்று படகுக்காரரிடம் கேட்க வேண்டியவரும் நீங்களே. (விடியற்காலையில் எண்ணெய் வழியும் ஒம்லெட்டைக் கட்டிக்கொடுப்பதையும் தயவுசெய்து நிறுத்துங்கள். அது திமிங்கிலங்களுக்கே போய்ச் சேருகிறது.) ஹிக்கடுவையில் முருகைக்கல்லில் (பவளப்பாறையில்) ஏறி நின்று படமெடுப்பவர்களையும் கொஞ்சம் அதட்டலாம், 2002 முதல் அது தேசியப் பூங்கா.

சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, போயா (பௌர்ணமி) தினம். விடுமுறைக் கூட்டம். கடல் உள்வாங்கியபோது அதை வேடிக்கை பார்க்கக் கரைக்கு ஓடியவர்கள் உண்டு. கொழும்பிலிருந்து மாத்தறைக்குப் புறப்பட்ட ரயில் பெரலியவில் அலையில் சிக்கியதில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். உங்களில் பலர் அன்று சொந்தங்களை இழந்தவர்கள். உங்களுக்கு நான் சொல்லித்தர எதுவுமில்லை. ஆனால் விருந்தாளிக்கு அந்த நினைவு இல்லை. கடல் வழக்கத்துக்கு மாறாக வற்றினாலோ நிலம் அதிர்ந்தாலோ எந்த ஒழுங்கையால் ஓடி எந்த மேட்டில் ஏறுவது என்று அறைச்சாவி கொடுக்கும்போதே கை நீட்டிக் காட்டிவிடலாம்.

எங்கள் ஒழுங்கையில் இவ்வருடம் ஒரு முடிவு செய்திருக்கிறோம். அறை பிடிக்க அழைக்கும்போது வாடகையைக் கேட்பதற்கு முன், உங்கள் கரையில் உயிர்காப்பாளர் எத்தனை மணி வரை நிற்பார் என்று கேட்போம். மறுமுனையில் பதில் தெரியாவிட்டால் அடுத்த விடுதியின் இலக்கத்தை அழுத்துவோம்.

இப்படிக்கு,
வெள்ளவத்தையிலிருந்து ஒரு விருந்தாளி