அது அயல்நாட்டுச் செடி இல்லை, நம்ம விராலி

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில், அரிசோனா போன்ற பாலைவன ஊர்களில் குடியிருக்கும் தமிழர்களுக்கென்று ஒரு தோட்டக் கட்டுரை வந்திருந்தது. மகள் கைபேசியில் எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தாள்; இரண்டு தடவை படித்தேன். நல்ல கட்டுரைதான். ஆனால் அதில் ‘ஹாப் புஷ்’ என்ற செடியைப் பற்றி வந்த மூன்று வரிகள் என்னைத் தூங்க விடவில்லை. தண்ணீரே கேட்காத அயல்நாட்டு அழகுப் புதராம். குழி நிறைய மக்கிய உரம் போட்டு, இரண்டு மாதம் தினமும் தண்ணீர் விட்டுவிட்டு, பிறகு மறந்துவிடலாமாம். அதேபோல் செய்து இரண்டு செடிகளைக் கொன்றவன் நான். கட்டுரை வருவதற்கு வெகுகாலம் முன்பே, சொந்தப் புத்தியில்.

முதலில் பெயர் விஷயம். நான் விராலிமலைக்குப் பக்கத்துக் கிராமத்துக்காரன். முப்பத்தொரு வருடம் பேருந்து நடத்துனர் வேலை. ஓய்வுபெற்ற பிறகு ஒன்பது வருடமாக அரிசோனாவில் டூசான் நகரில் மகள் வீட்டில் இருக்கிறேன். (ஆங்கில எழுத்தைப் பார்த்து டக்சன் என்று படித்து, வந்த வாரமே பேரனிடம் மாட்டிக்கொண்டேன்.) வந்த புதிதில் மாப்பிள்ளை ஒரு நர்சரிக்கு அழைத்துப்போனார். அங்கே ஒரு தொட்டிச் செடியின் இலையைச் சும்மா கிள்ளி விரலில் தேய்த்தேன். பிசுபிசுவென்று ஒட்டியது. மோந்து பார்த்ததும் காலில் சுளுக்கு விழுந்த ஞாபகம்தான் வந்தது. சின்ன வயதில் கிணற்று மேட்டில் விழுந்தபோது, அம்மா இந்த இலையைத்தான் விளக்கெண்ணெயில் வதக்கிக் கணுக்காலில் வைத்துக் கட்டினார். எங்கள் வீட்டு ஆடுகள் இதைத் தொடாது. அதனாலேயே கொல்லையைச் சுற்றி உயிர்வேலியாக நின்றது. விராலி! எங்கள் ஊர் மலைக்குப் பெயர் வந்ததே இந்தச் செடியால்தான் என்று பாட்டி சொல்வார்.

“மாமா, இது இந்த ஊர்ச் செடி. இங்கே மலையில் தானாக வளர்கிறது” என்றார் மாப்பிள்ளை. “எங்க ஊர்ச் செடி” என்றேன் நான். வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தால் இரண்டு பேர் சொன்னதும் சரி. டோடோனியா விஸ்கோசா என்பது இதன் அறிவியல் பெயர். விஸ்கோசா என்றால் பிசுபிசுப்பானது. உலகத்தின் வெப்பப் பகுதிகளில் பல இடங்களில் இது தானாகவே வளர்கிறது. டூசானைச் சுற்றியுள்ள பாறைச் சரிவுகளிலும் உண்டு, நம் ஊர்க் கரடுகளிலும் உண்டு. ஆஸ்திரேலியாவில் குடியேறிய வெள்ளைக்காரர்கள், பீருக்குக் கசப்பு தரும் ஹாப் பூ கிடைக்காமல் இதன் காயைப் போட்டு பீர் காய்ச்சியதால் அந்த இங்கிலீஷ் பெயர். பீர் காய்ச்சியவன் வைத்த பெயரை அச்சில் போட்டீர்கள், சுளுக்குக்குக் கட்டிய அம்மா வைத்த பெயரை விட்டுவிட்டீர்கள். கட்டுரைக்கு மேலே படமாகப் போட்டிருந்த ஊதா இலை வகை வேண்டுமானால் அயல்நாடு. அதன் பூர்வீகம் நியூசிலாந்து. பச்சை இலை வகைதான் இந்த மண்ணுக்குச் சொந்தம். குளிரையும் பச்சைதான் கூடுதலாகத் தாங்கும்.

இனி நான் செய்த கொலைகள். முதலாவது ஊதாச் செடி. வாங்கியது மே மாதம். இங்கே மே கடைசியிலிருந்தே வெயில் நூறு டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்ட ஆரம்பித்துவிடும். பாவமே என்று காலையும் மாலையும் ஒவ்வொரு குவளை ஊற்றினேன். மேல்மண் மட்டும் ஈரமாகவே கிடந்தது. வேர் கீழே போகவே இல்லை. ஜூலைக்குள் காய்ந்துவிட்டது.

அடுத்த வருடம் அக்டோபரில் பச்சைச் செடி. இந்தத் தடவை விவரமாகச் செய்கிறேன் என்று இரண்டடிக் குழி தோண்டி, அரை மூட்டை உரத்தைக் கொட்டினேன். தோண்டும்போதே கடப்பாறை ணங் என்றது. இந்த ஊர் மண்ணுக்கு அடியில் பல இடங்களில் வெள்ளையாக ஒரு சுண்ணாம்புப் படிவம் பாளம் பாளமாக இறுகிக் கிடக்கும். கலீச்சி என்கிறார்கள், நம் பக்கத்துச் சுக்கான்பாறை மாதிரியேதான். அதன் மேல் குழி என்பது குழி இல்லை, வாளி. நான் ஊற்றிய தண்ணீர் உரத்தில் ஊறி, போக வழியில்லாமல் அப்படியே நின்றது. இலை மஞ்சளானதும் தண்ணீர் போதவில்லையோ என்று இன்னும் ஊற்றினேன்! பிடுங்கிப் பார்த்தபோது வேர் கறுத்து அழுகிப்போய், சாக்கடை நாற்றம். பாலைவனத்தில் ஒரு செடியை முக்கிக் கொன்ற புண்ணியவான் நான்.

மூன்றாவதைத்தான் சரியாக நட்டேன். ஐப்பசி பாதி தாண்டிய நேரம், நவம்பர் ஆரம்பம். குழியில் முதலில் வெறும் தண்ணீரை நிரப்பிவிட்டுக் காத்திருந்தேன். மறுநாள் காலையிலும் தண்ணீர் நின்றது. அந்த இடத்தை விட்டுவிட்டு ஆறடி தள்ளித் தோண்டினேன். அங்கே சில மணி நேரத்தில் வடிந்துவிட்டது. ஆழம் தொட்டி மண் அளவுக்கு மட்டும், அகலம் அதைப்போல மூன்று மடங்கு. உரம் ஒரு பிடிகூட இல்லை, தோண்டிய மண்ணையே திருப்பித் தள்ளினேன். முயல் கடிக்காமலிருக்கச் சுற்றிலும் கோழிவலை. தை மாதக் குளிரில் ஒரு ராத்திரி உறைபனி விழும் என்றார்கள். பயந்துபோய் என் பழைய வேட்டியைப் போர்த்திக் கட்டினேன். காலையில் வேட்டி பக்கத்து வீட்டுச் சப்பாத்திக்கள்ளியில் கிழிந்து தொங்கியது. செடிக்கு ஒன்றும் ஆகவில்லை.

தண்ணீர்க் கணக்கை மட்டும் விவரமாகச் சொல்லிவிடுகிறேன். டூசானில் வருடத்துக்குச் சுமார் 11 அங்குல மழைதான். எங்கள் புதுக்கோட்டைப் பக்கம் ஏறக்குறைய மூன்று மடங்கு பெய்யும். அப்படியிருக்க, தொட்டியிலிருந்து வந்த குழந்தைச் செடியை யாரும் மறந்துவிட முடியாது. அதற்காகத் தினமும் ஊற்றுவதும் கூடாது. வேர் பிடித்த பிறகு, முதல் கோடையில் வாரம் ஒரு தடவை, இரண்டடி ஆழம் நனைகிற அளவுக்கு மெதுவாக விட்டேன். இரண்டடி போனதா என்று எப்படித் தெரியும்? வீடு கட்டுகிற இரும்புக் கம்பி ஒன்று வைத்திருக்கிறேன். தண்ணீர் விட்டபின் அதை மண்ணில் அழுத்தினால், ஈரம் உள்ள வரைக்கும் இட்லியில் ஈர்க்குச்சி போவதுபோல வழுக்கிக்கொண்டு போகும். காய்ந்த மண் வந்ததும் டக்கென்று நின்றுவிடும். அடுத்த கோடையில் பதினைந்து நாளுக்கு ஒரு தடவை. இப்போது கோடையில் மாதம் ஒரு முறைதான். தண்ணீரை அடித்தூரில் ஊற்றுவதில்லை, கிளை பரவியிருக்கும் விளிம்பில்தான். வேரும் அங்கேதான் போயிருக்கும்.

கூரைத் தண்ணீர்க் குழாயையும் அந்தப் பக்கம் திருப்பிவிட்டிருக்கிறேன். இங்கேயும் மான்சூன் என்றே சொல்கிறார்கள், ஜூன் 15 முதல் செப்டம்பர் 30 வரை. ஆயிரம் சதுர அடிக் கூரையில் ஓர் அங்குலம் பெய்தால் சுமார் 600 கேலன் இறங்கும். வீட்டுக் குழாயில் வருவதோ கொலராடோ ஆற்றுத் தண்ணீர், 336 மைல் கால்வாயில் மேடேற்றிக் கொண்டுவருகிறார்கள். 2021இல் அந்த ஆற்றுக்கே முதன்முறையாகப் பற்றாக்குறை அறிவித்தார்கள். அதைத் தினமும் ஒரு புதருக்கு ஊற்றச் சொல்லி எழுதலாமா?

இப்போது செடி வாசல் நிலையைத் தாண்டி நிற்கிறது. பெண் செடி, அது என் அதிர்ஷ்டம், ஏனென்றால் இதில் பெரும்பாலும் ஆண் தனி, பெண் தனி. காய்க்குக் காகிதம் போல மூன்று இறக்கை. பழைய பஸ் டிக்கெட்டின் மெல்லிசு, முதலில் வெளிர்ப்பச்சை, அப்புறம் லேசான ரோஜா நிறம், கடைசியில் பழுப்பு. காற்றடித்தால் கொத்தாகச் சலசலக்கும். முடக்கத்தானும் இதற்கு ஒரு வகையில் பங்காளிதான், அதே குடும்பம். அந்தக் காயின் காகிதத் தோலை நினைத்துப் பார்த்தால் புரியும். நான் ஊருக்குப் போயிருந்தபோது, புல் வெட்ட வந்தவர் இதையும் மிஷினால் கொழுக்கட்டை மாதிரி உருட்டிவிட்டார். அந்த வருடம் ஒரு காய் இல்லை.

ஆகவே, அடுத்த ஞாயிறு இணைப்பில் விராலி என்ற பெயரையும், தினமும் நீர் என்பதற்கு ஒரு திருத்தத்தையும் வெளியிட வேண்டுகிறேன். கொஞ்சம் சீக்கிரமாக. இங்கே மே பிறந்துவிட்டது. கட்டுரையைப் படித்துவிட்டு யாராவது தொட்டியை வாங்கி வைத்திருந்தால் இப்போது நட வேண்டாம். மதிய வெயில் படாத இடமாகப் பார்த்து, நவம்பர் வரை தொட்டியிலேயே வைத்திருக்கட்டும். தொட்டியில் இருக்கும்வரை மட்டும் விரலை விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் தினமும்கூடத் தண்ணீர் விடலாம். அந்த மட்டில் உங்கள் கட்டுரை சரி.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற பேருந்து நடத்துனர்,
டூசான், அரிசோனா.