சாப்பாட்டுச் செலவைக் கணக்கெடுப்பவர்களுக்கு

குடும்பச் செலவுக் கணக்கெடுப்பு நடத்தும் புள்ளியியல் துறையினருக்கு, வணக்கம்.

குடும்பச் செலவில் உணவுக்குப் போகும் பங்கு குறைந்துவிட்டது, ஆகவே மக்கள் வசதியாகிவிட்டார்கள் என்று உங்கள் அறிக்கைகள் சொல்கின்றன. வருமானம் கூடக்கூட உணவின் பங்கு குறையும் என்பது 1857-இல் ஜெர்மன் புள்ளியியலாளர் எர்ன்ஸ்ட் எங்கல் கண்டுசொன்ன விதி. பெல்ஜியத் தொழிலாளர் குடும்பங்களில், பிறர் உதவியில் வாழ்ந்தவர்கள் மொத்தச் செலவில் ஏறக்குறைய 71 விழுக்காட்டை உணவுக்குக் கொடுத்தார்கள். ஓரளவு வசதியானவர்கள் 62 விழுக்காடு. விதி சரிதான். அதை நீங்கள் படிக்கும் விதத்தில்தான் எனக்கு வழக்கு.

பங்கு குறைந்தாலும் தொகை பெரும்பாலும் கூடத்தான் செய்கிறது. ஆனால் வருமானம் இரட்டிப்பானால் வயிறு இரட்டிப்பாகாது. தானியமும் கிழங்கும் தந்த கலோரியின் பங்கு இறங்கி, பால், முட்டை, இறைச்சி, பழம் ஏறும். இதை 1941-இல் அமெரிக்கப் பொருளியலாளர் மெரில் பென்னட் எழுதிவிட்டார். அதே பொருளிலேயே உயர்ந்த ரகத்துக்கும் மாறுவார்கள். வசதியான குடும்பம் ஒரு கிலோவுக்குக் கொடுப்பதே அதிகம் என்பதைப் பொருளியலாளர்கள் ப்ராய்ஸும் ஹௌதாக்கரும் 1955-இல் காட்டினார்கள். அப்புறம், நறுக்கியது, அரைத்தது, வாசலுக்கே வருவது. இதில் எவ்வளவு உணவின் விலை, எவ்வளவு யாரோ செய்த வேலைக்கான கூலி? படிவத்தில் இரண்டும் ஒரே வரியில் விழுகின்றன.

பெரிய சிக்கல் வெளியே சாப்பிடுவதில்தான். ஐ.நா.வின் செலவு வகைப்பாட்டில் வீட்டுக்கு வாங்கும் உணவு 1-ஆம் பிரிவு. உணவகச் சாப்பாடோ 11-ஆம் பிரிவில், விடுதி வாடகையோடு உட்கார்ந்திருக்கிறது! நாலு காசு சேர்ந்து வெளியே சாப்பிடத் தொடங்கும் குடும்பம், முதல் பிரிவை மட்டும் பார்ப்பவருக்கு உணவைக் குறைத்துக்கொண்டதாகவே தெரியும். போதாக்குறைக்கு, வீட்டில் இருக்கும் ஒருவரிடம்தான் கேள்வி கேட்கிறீர்கள். மற்றவர்கள் மதியம் எங்கே, எவ்வளவுக்குச் சாப்பிட்டார்கள் என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

அடுத்த அறிக்கையில் வீட்டு உணவையும் வெளியுணவையும் சேர்த்த பங்கை முதல் பக்கத்திலேயே போடுங்கள். வாங்கிய அளவையும் கொடுத்த விலையையும் தனித்தனியாகத் தாருங்கள். அப்போதுதான் செலவு கூடியது அதிகம் வாங்கியதாலா, ரகம் மாறியதாலா, விலை ஏறியதாலா என்று பிரித்துப் பார்க்க முடியும். வெளியே சாப்பிட்டதை வீட்டின் ஒவ்வொரு பெரியவரிடமும் நேரடியாகக் கேளுங்கள். கணக்கெடுப்புச் செலவு கூடும், ஒப்புக்கொள்கிறேன். அதற்காகக் குடும்பங்களின் எண்ணிக்கையைச் சற்றுக் குறைத்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

இப்படிக்கு,
உங்கள் அட்டவணைகளை விடாமல் படிக்கும் ஒருவர்