பௌர்ணமிக்குக் கடற்கரை வேண்டாம்

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. முதுகுவலி குறைந்து மறுபடி நடக்க ஆரம்பித்துவிட்டாய் என்று படித்த பிறகுதான் இந்தப் பயணம் நிஜமாகவே நடக்கும் என்று நம்பிக்கை வந்தது. அதுவரைக்கும், நாம் வழக்கமாகப் பேசிவிட்டு மறந்துபோகிற திட்டங்களில் இதுவும் ஒன்று என்றுதான் நினைத்திருந்தேன். இங்கே எல்லோரும் நலம். மூத்தவளுக்குப் பரீட்சை முடிந்துவிட்டது, அவளும் வருகிறாளாம், ஆனால் தனி டென்ட் கொடுத்தால்தான். சின்னவனுக்கு நெருப்பு மூட்டவேண்டும், வேறு எதுவும் வேண்டாம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பௌர்ணமிக்குக் கடற்கரையில் இருக்கவேண்டும் என்று எழுதியிருக்கிறாய். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பௌர்ணமியும் அமாவாசையும் சூரியன், பூமி, நிலா மூன்றும் ஏறக்குறைய ஒரே கோட்டில் நிற்கும் நாட்கள், இரண்டு இழுப்பும் சேர்ந்துகொள்வதால் அந்த நாட்களிலும் அடுத்த ஓரிரு நாட்களிலும் கடல் வழக்கத்தைவிட மேலே ஏறும். நாம் டென்ட் போட நினைக்கும் மணல்பரப்பு அந்த அளவுக்குச் சுருங்கும். அரைநிலா சமயத்தில் இரண்டும் செங்கோணத்தில் நின்று ஒன்றின் இழுப்பை மற்றொன்று குறைப்பதால் ஏற்றமும் மிதம், வற்றமும் மிதம். அதனால் வளர்பிறை அரைநிலாவை ஒட்டிக் கடற்கரைக்குப் போவோம் என்கிறேன். சூரியன் மறையும்போது நிலா உச்சி வானத்துப் பக்கம் நிற்கும், சாப்பிட்டுப் பாத்திரம் கழுவி முடிக்கும்வரை வெளிச்சம் இருக்கும், நள்ளிரவு வாக்கில் மறைந்துவிடும். அதற்கப்புறம் வானம் முழுக்க நட்சத்திரம்தான். உனக்கு நிலாவும் கிடைத்தது, எனக்கு இருட்டும் கிடைத்தது.

பயணத்தின் முதல் பாதி கடல், இரண்டாம் பாதி காடு. இதை மட்டும் மாற்றவேண்டாம். கடற்கரையில் ஜிப் பற்களுக்குள் மணலும் உப்பும் போய் உட்கார்ந்துகொள்ளும், அதை நல்ல தண்ணீரில் அலசாமல் இழுத்தால் ஜிப்பே போய்விடும். காட்டு முகாமில் குழாய் இருக்கிறது, போனதும் முதல் வேலையாக அலசிக் காயப்போட்டுவிடலாம்.

நீ வட்டம் போட்டு அனுப்பிய வரைபடத்தைப் பார்த்தேன். கடற்கரை முகாமில் 12ஆம் எண் இடம் தண்ணீருக்கு மிகப் பக்கம், காட்சிக்காகத்தான் எடுத்திருக்கிறாய் என்று தெரிகிறது. போன உடனே காய்ந்த பாசியும் கிளிஞ்சலும் வரிசையாக ஒதுங்கிக் கிடக்கும் கோட்டைத் தேடிப் பார்ப்போம், கடைசியாகக் கடல் எதுவரை வந்தது என்று அந்தக் கோடு சொல்லிவிடும். 12 அதற்குப் பக்கத்தில் இருந்தால் வேறு இடம் கேட்டுவிடலாம். நான் சொல்வது மணல்மேட்டுக்குப் பின்பக்கம் இருக்கும் இடங்கள். காற்று அடங்கியிருக்கும். மேட்டின் மேலேயே போடுவது மட்டும் கூடாது, அங்கே படர்ந்திருக்கும் கொடியும் புல்லும்தான் மணலைப் பிடித்து வைத்திருக்கின்றன, மிதித்தால் மேடே கரைந்துபோகும்.

டென்ட் வாசல் கடலைப் பார்த்து இருக்கவேண்டும் என்று நீ அடம்பிடிப்பாய், தெரியும். பகலில் கடலிலிருந்து கரைக்குக் காற்று வீசும், வாசலைத் திறந்தால் டென்ட் முழுக்க உப்பி நிற்கும். பல இரவுகளில் அதுவே திரும்பி, கரையிலிருந்து கடலை நோக்கி லேசாக வீசும். அதனால் குறுகலான பக்கத்தைக் காற்றுக்குக் காட்டி, வாசலை ஓரமாக வைப்பதுதான் நல்லது. அப்புறம் முளை. டென்டோடு வரும் மெல்லிய கம்பி முளைகள் மணலில் நிற்கவே நிற்காது. துணிப்பையில் மணலை நிரப்பி, கழுத்தில் கயிறு கட்டி, முழங்கை ஆழத்துக்குக் குழி தோண்டிப் புதைத்து, மேலே மணலைப் போட்டு நன்றாக மிதித்துவிட்டால் அசையாது. பழைய துணிப்பைகள் இருந்தால் எல்லாவற்றையும் எடுத்து வா, காலிப் பைக்கு எடையே இல்லை.

காட்டில் கவலை வேறு மாதிரி. முதலில் தலைக்கு மேலே பார்க்கவேண்டும். பட்டுப்போன கிளை ஒன்று மற்றக் கிளைகளில் சிக்கித் தொங்கிக்கொண்டிருக்கும், காற்றே இல்லாத இரவில்கூட விழும். பள்ளமான இடம் பார்க்கச் சமதளமாக, மெத்தை மாதிரி இலை மூடியிருக்கும், ஆனால் இரவில் குளிர்ந்த காற்று அங்கேதான் இறங்கித் தங்கும், மழை பெய்தால் தண்ணீரும் அங்கேதான். ஓடைக்குப் பக்கத்திலும் வேண்டாம், 60 மீட்டராவது தள்ளியிருப்போம், பாத்திரம் கழுவுவதும் அந்தத் தூரத்தில்தான். கழிப்பறைக்கு எதிரே இருக்கும் இடத்தை வசதி என்று எடுத்துவிடாதே, விடிய விடிய விளக்கு எரியும், கதவு அடித்துக்கொண்டே இருக்கும்.

உன் முதுகுக்காக ஒன்று. காற்றடைத்த மெத்தை மட்டும் போதும் என்கிறாய், உள்ளே வெறும் காற்றுதான் என்றால் அந்தக் காற்று சுழன்று உன் சூட்டைத் தரைக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிடும். அடியில் ஒரு ஃபோம் பாய் விரித்துவிடு. குளிருகிறது என்று டென்டை முழுக்க மூடாதே, நம் மூச்சுக்காற்றே உட்கூரையில் நீர்த்துளியாகப் படிந்து விடிகாலையில் போர்வையில் சொட்டும். அடுப்பை உள்ளே கொண்டுவரும் யோசனையையும் விட்டுவிடு. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது, தூங்குகிறவனுக்கு எதுவும் தெரியாது.

நெருப்பு மூட்டுவதைச் சின்னவனிடமே விடலாம், ஆனால் முகாமில் அனுமதித்த இடத்தில், அங்கே கிடைக்கும் விறகில். கடலில் ஒதுங்கிய கட்டையை எரிக்கவேண்டாம், உப்பு ஊறிய மரம் எரிந்தால் புகையில் நச்சு சேரும். அணைக்கும்போது மணலைப் போட்டு மூடுவது எல்லோரும் செய்வதுதான், ஆனால் மணலுக்கடியில் கங்கு பல மணி நேரம் சூடாகவே இருக்கும், காலையில் வெறுங்காலோடு ஓடும் பிள்ளைக்கு அது தெரியாது. தண்ணீர் ஊற்றிக் கிளறி, கைவைத்துப் பார்த்தால் குளிர்ந்திருக்கவேண்டும். அந்த வேலையை நீ பார்த்துக்கொள், நான் பாத்திரம் தேய்த்துவிடுகிறேன்.

பிள்ளைகள் கடலில் இறங்கும்போது நம்மில் ஒருவர் கரையில் நிற்கவேண்டும். நீரோட்டம் உள்ளே இழுத்தால் கரையை நோக்கி மல்லுக்கட்டாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வரவேண்டும் என்று உன் மகனுக்கு இப்போதே சொல்லிவை. அங்கே போய்ச் சொன்னால் காதில் ஏறாது.

அரைநிலா தேதியை நாட்காட்டியில் பார்த்துவிட்டு, அதற்கு முந்தைய நாள் கிளம்ப உனக்குத் தோதாக இருக்குமா என்று எழுது. இருட்டுவதற்கு இரண்டு மணி நேரம் முன்னாலாவது போய்ச் சேர்ந்துவிடவேண்டும். சுத்தியல் உன்னிடம் இருக்கிறதா, நானே கொண்டுவரட்டுமா?

அன்புடன்,
உன் நண்பன்