அந்த 'நாலு பேர்' யார்?

ஆசிரியருக்கு வணக்கம்.

'ஊர் வாய்க்கு அஞ்சாதே, மனசுக்குச் சரி என்று பட்டதைத் துணிந்து செய்' என்று தன்னம்பிக்கைப் பகுதிகளில் அடிக்கடி வருகிறது. எப்படிச் செய்வது என்றுதான் யாரும் சொல்வதில்லை. துணிச்சல் வரட்டும் என்று வருடக்கணக்கில் காத்திருப்பவர்கள் நம்மில் ஏராளம். ஆனால் துணிச்சலைவிட எதை முதலில் செய்கிறோம் என்பதே பெரிது. மற்றவர்கள் வாய் திறக்கும் முன்பே நம் முடிவு காகிதத்தில் இருக்க வேண்டும்.

சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் 1950-களில் நடத்திய சோதனை பலருக்கும் தெரிந்ததுதான். ஓர் அட்டையில் ஒரு கோடு, இன்னோர் அட்டையில் மூன்று கோடுகள். எது அதே நீளம்? குழந்தைகூடச் சொல்லிவிடும். ஆனால் அறையில் ஒருவரைத் தவிர மற்ற அனைவரும் முன்பே பேசிவைக்கப்பட்டவர்கள். 18 சுற்றுகளில் 12-இல் எல்லோரும் ஒரே குரலில் தவறான கோட்டைச் சொன்னார்கள். அந்தச் சுற்றுகளில் சோதனைக்கு வந்தவர்கள் தந்த விடைகளில் சுமார் 37 சதவீதம் கூட்டத்தோடு கோவிந்தாதான். நாலில் மூன்று பேர் ஒரு முறையாவது வழுக்கினார்கள். யாரும் அவர்களை மிரட்டவில்லை, கேலி செய்யவும் இல்லை.

இந்தச் சோதனையின் மறுபாதியைத்தான் நாம் பேசுவதில்லை. பக்கத்தில் ஒரே ஒருவர் சரியான விடையைச் சொன்னதும் தவறுகள் ஏறக்குறைய கால்வாசியாகச் சுருங்கின. வாயால் சொல்லாமல் தனியே எழுதச் சொன்னபோதும் வெகுவாகக் குறைந்தன. ஒரு துணை, ஒரு காகிதம். இரண்டுமே யாருக்கும் எட்டாதவை அல்ல.

காகிதத்தில் மூன்று விஷயம் போதும்: முடிவு ஒரே வரியில், அதற்கான காரணம் (இரண்டுக்கு மேல் வேண்டாம்), எந்தத் தகவல் தெரியவந்தால் முடிவை மாற்றிக்கொள்வேன் என்பது. மூன்றாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால் உறுதிக்கும் பிடிவாதத்துக்கும் வித்தியாசமே தெரியாது. கீழே தேதி போடுங்கள்.

பின்பக்கத்தில் அந்த 'நாலு பேர்' யார் யார் என்று பெயரோடு எழுதுங்கள். ஊர், உலகம், சொந்தக்காரர்கள் என்று மொத்தமாக எழுதக் கூடாது. பெயராக எழுதும்போது பெரும்பாலும் இரண்டு மூன்றுக்கு மேல் வராது. ஒவ்வொரு பெயருக்கும் நேரே இரண்டு கேள்வி: இவருக்கு இந்த விஷயம் தெரியுமா? முடிவு தவறினால் இழப்பில் இவருக்குப் பங்கு உண்டா? இரண்டுக்கும் இல்லை என்றால் அடித்துவிடலாம். ஒன்றுக்காவது ஆம் என்றால் அவரிடம் நேரில் போய்க் கேட்க வேண்டும். அவர் சொல்வது கருத்து. அவர் சொல்லக்கூடும் என்று நாம் நினைப்பது வெறும் கற்பனை. மற்றவர்கள் நம்மைக் கவனிப்பதாக நாம் போடும் கணக்கும் மிகை. கூச்சம் தரும் படம் போட்ட சட்டையோடு மாணவர்களை ஓர் அறைக்குள் அனுப்பிப் பார்த்த ஆய்வு 2000-இல் வெளிவந்தது. அறையில் இருந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் படத்தைக் கவனித்திருப்பார்கள் என்று சட்டையைப் போட்டவர்கள் நினைத்தார்கள். உண்மையில் கவனித்தவர்கள் அதில் பாதிதான்.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ளக் கூடாது. பேச்சுக்குப் பயப்படுவது வேறு, ஆபத்து வேறு. வேலையோ வீடோ உடலோ பாதிக்கப்படும் என்றால் அது 'நாலு பேர் பேச்சு' அல்ல. அங்கே முதலில் பாதுகாப்புக்கு ஏற்பாடு, பிறகுதான் அறிவிப்பு. இதைச் சொல்லாமல் 'துணிந்து செய்' என்று மட்டும் சொல்வது பொறுப்பற்ற அறிவுரை.

கூட்டத்தில் பேசுவதானால் முன்கூட்டியே ஒருவரிடமாவது காகிதத்தைக் காட்டிவிடுங்கள். அவர் ஆமோதிக்க வேண்டியதில்லை, உங்கள் கருத்தைத் தெரிந்தவர் ஒருவர் அறையில் இருந்தாலே குரல் நடுங்குவது குறையும். முதல் இரண்டு மூன்று பேருக்குள் பேசிவிட வேண்டும். ஏழு தலைகள் ஆடிய பிறகு எட்டாவதாக வாய் திறப்பது எல்லோருக்கும் கடினம். 'எனக்கு இதில் வேறு கருத்து, காரணம் இரண்டு' என்று தொடங்கி, இரண்டையும் சொல்லி, நிறுத்திவிட வேண்டும். பிறகு வரும் மௌனத்தைத் தாங்க முடியாமல்தான் பலர் மூன்றாவது, நான்காவது காரணத்தை அடுக்குகிறார்கள். எதிர்ப்பவர் அதில் பலவீனமான ஒன்றைப் பிடித்துக்கொள்வார். நல்ல காரணங்கள் இரண்டும் காணாமல் போகும்.

தொடங்கும் முன்பே ஊரெல்லாம் சொல்லிவைப்பதும் அதே அளவு கெடுதல். எழுதிவைத்த மூன்றாவது வரி பலித்து, முடிவை மாற்ற வேண்டிய நேரம் வரும்போது, 'சொன்னதை விட்டுவிட்டான் என்பார்களே' என்று தவறையே தொடர்கிறோம். வெளியே கொள்கைப் பிடிப்பு போலத் தெரிந்தாலும் அதுவும் நாலு பேருக்குப் பயந்த நடைதான். ஆகவே முடிவைத் தேவையானவர்களுக்கு மட்டும் சொல்லி, முப்பதாவது நாள் காகிதத்தை எடுத்துப் படிக்க வேண்டும், மூன்றாவது வரியிலிருந்து.

உங்கள் இளைஞர் பக்கத்தில் ஒரு முறையாவது இந்த மூன்று வரிகளுக்கும் இடம் விட்டு ஒரு வெற்றுக் கட்டம் அச்சிட்டுத் தாருங்கள். வெட்டி எடுத்து எழுதிப் பார்ப்பார்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்