வீட்டிலிருந்தே நர்சிங் பட்டமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

'வீட்டிலிருந்தே பி.எஸ்சி. நர்சிங்' என்று ஏதோ நோட்டீஸைப் பார்த்துவிட்டு, எங்கள் தெரு அப்பத்தா ஒருவர் பேத்திக்குப் பணம் கட்ட நகையை அடகு வைக்கக் கிளம்பிவிட்டார், நல்லவேளை என்னிடம் ஒரு வார்த்தை கேட்டார். காரைக்குடியில் அழகப்பா பல்கலைக்கழகத்தில் தபால் வழியில் பட்டம் வாங்கியவர்கள் வீட்டுக்கு வீடு இருப்பதால், நர்சிங்கும் அப்படித்தான் என்று நம்பிவிடுகிறார்கள். பிளஸ் டூ முடித்த பிள்ளை ஆன்லைனில் மட்டும் படித்து நர்ஸ் ஆக இங்கே வழியே இல்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2020 விதிமுறையே நர்சிங்கைத் தொலைதூரத்திலோ ஆன்லைனிலோ நடத்தக் கூடாது என்கிறது. அமெரிக்காவில் படிக்கிறார்களே என்றால், சரி, அங்கே பெரும்பாலும் ஏற்கெனவே பதிவு பெற்று வார்டில் வேலை பார்க்கும் நர்ஸ்கள்தான் மேல்படிப்பாகப் படிக்கிறார்கள்.

வயிற்றுப்போக்கில் துவண்ட குழந்தையின் கையில், நரம்பு கண்ணுக்கே தெரியாதபோது விரல் நுனியால் தடவித் தடவிக் கண்டுபிடித்து ஊசி போடுவதை, பக்கத்தில் ஒரு சீனியர் நின்று சொல்லித்தராமல் எப்படிக் கற்பது?

கல்லூரிச் சேர்க்கை நேரத்தில், அங்கீகாரம் உள்ள நர்சிங் கல்லூரிகளின் பட்டியலை உங்கள் நாளிதழில் தயவுசெய்து வெளியிடுங்கள்.

- ஓய்வுபெற்ற செவிலியர், பள்ளத்தூர்