ஐஸ்பேர்க் படம் அனுப்பினவனுக்கு

திருநெல்வேலி,
யாழ்ப்பாணம்.

அன்புள்ள குணா,

கடிதம் எழுதி எவ்வளவு காலம் என்று நீ கணக்குப் பார்க்கத் தொடங்குவாய். பார்க்காதே. வட்ஸ்அப்பில் பூப்படத்தோடு காலை வணக்கம் போடுவதைக் கடிதம் என்று நானும் சொல்லமாட்டேன். இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வழமைபோல. சின்னவளுக்கு ஓ.எல். வருகிறது, அதனால் வீட்டில் ரி.வி. போடக்கூடாதென்று சட்டம். கட்டையன் ஒரு பழைய ஓட்டோ வாங்கியிருக்கிறான். கும்பிட்டுவிட்டுத்தான் ஏறவேண்டும். சரி, விசயத்துக்கு வருகிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே சிரிக்கத் தொடங்கிவிடுவாய் என்றுதான் எழுதுகிறேன்.

எங்கள் கணக்கு மாஸ்டர் போன மாதம் கடைக்கு வந்தார். போட்டோக்கொப்பி எடுக்க வந்த கம்பஸ் பெட்டையள் எல்லோரும் போகும்வரை வாங்கில் இருந்தார். பிறகு கிட்ட வந்து, “தம்பி, பிட்கொயின் எங்கே வாங்கலாம்?” என்று கேட்டார். மாஸ்டர்! பஸ்சில் மிச்சக்காசு ஐந்து ரூபா வரவில்லை என்றால் கொண்டக்டரை விடாத மாஸ்டர்! கையில் ஒரு சின்னப் பொதி. மனைவியின் சங்கிலி. அடகு வைக்கப் போகிற வழியில் வந்திருக்கிறார்.

அவருக்கு ஒரு ஈமெயில் வந்திருக்கிறது. ‘நான் டார்க் வெப்பில் இருக்கிறேன், உன் கொம்பியூட்டருக்குள் புகுந்துவிட்டேன், கமராவில் நீ செய்ததையெல்லாம் படம் பிடித்துவிட்டேன், ஆயிரத்துத் தொள்ளாயிரம் டொலர் பிட்கொயினாக அனுப்பாவிட்டால் உனக்குத் தெரிந்த எல்லோருக்கும் போகும்’ என்று. இந்தக் கடிதம் 2018 தொடக்கம் உலகம் முழுக்கச் சுற்றுகிறது. உனக்கும் வந்திருக்கும், குப்பைக்குள் தானாகப் போயிருக்கும். ஆனால் மாஸ்டருக்கு வந்ததில் முதல் வரியிலேயே அவருடைய பாஸ்வேர்ட் இருந்தது. மனைவியின் பெயரும் கலியாணம் கட்டின ஆண்டும். “செத்துப்போன மனிசியின்ர பெயரை அவனுக்கு ஆர் சொன்னது, தம்பி?” என்று கேட்டார். எனக்கு உடனே ஒரு சொல்லும் வரவில்லை.

இதிலே ஒரு கூத்து, மாஸ்டரின் கொம்பியூட்டரில் கமராவே இல்லை. மகன் லண்டனிலிருந்து வந்தபோது வாங்கிக்கொடுத்த பழைய பெட்டி அது. நான் அதைச் சொன்னேன். “கமரா இல்லாமலும் பார்ப்பார்களாம்” என்றார். ரி.வி.க்கு மேலே துவாய் போட்டிருக்கிறார், போன் கமராவில் பிளாஸ்டர் ஒட்டியிருக்கிறார், சனசமூக நிலையத்துக்குப் பேப்பர் பார்க்கப் போவதையும் விட்டுவிட்டார். யார் சொன்னது என்று கேட்டால், “எங்கட பழைய மாணவர் குறூப்பில படம் வந்ததே” என்கிறார். எந்தப் படம் என்று உனக்குத் தெரியும். போட்டவன் நீதான், மச்சான்.

மேலே கொஞ்சம் பனி, அதில் கூகுளும் பேஸ்புக்கும், நாலு வீதம். கீழே கடலுக்குள் மிச்சத் தொண்ணூற்றாறு வீதம், கொலைகாரர், ஆயுதம், ரெட் ரூம். எல்லாவற்றுக்கும் அடியில் கறுப்பு எழுத்தில் மரியானா வெப். கீழே நீ போட்ட வசனம்: ‘பிள்ளைகளைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்’. ரொறன்ரோவில் இருந்துகொண்டு எங்களுக்குப் புத்தி சொல்லுகிறாய்.

அந்தக் கணக்கு எங்கே தொடங்கியது தெரியுமா? 2001இல் மைக்கேல் பேர்க்மன் என்ற அமெரிக்கர் ஒரு அறிக்கை எழுதினார். தேடுபொறி எட்டாத இன்ரநெற், எட்டுகிறதைவிட 400 தொடக்கம் 550 மடங்கு பெரிது என்றார். அப்படி எட்டாத பெரிய தளங்கள் என்று அவர் போட்ட பட்டியலில் முதலில் நிற்பவை என்ன? அமெரிக்கக் காலநிலைத் தரவு மையமும் நாசாவின் பூமித் தரவும். மழையும் வெயிலும்! கூகுள் எட்டாதது என்றால் பாதாளம் இல்லை, பூட்டு அல்லது படிவம் உள்ள இடம். சின்னவளின் பெறுபேறு வரும் நாளில் பரீட்சைத் திணைக்களத் தளத்தில் சுட்டெண்ணை அடித்தால் ஒரு பக்கம் வருமே, அதுவும் உன் பனிக்கட்டியின் கீழ்ப்பாதிதான். உன் வங்கிக் கணக்கும், நீ மனிசிக்குக் காட்டாத ஈமெயிலும் அங்கேதான். அதையெல்லாம் அள்ளிக் கொண்டுபோய் டார்க் வெப் கணக்கில் எழுதி, தொண்ணூற்றாறு வீதம் கொலைகாரர் என்று யாரோ படம் கீறிவிட்டான்.

டார்க் வெப் என்பது தனியாக, சின்னதாக ஒன்று. டோர் என்ற மென்பொருளைப் போட்டால் திறக்கும், யாரும் போடலாம். உன் கோரிக்கையை மூன்று இடத்தில் மாற்றி மாற்றி அனுப்பும், ஒவ்வொரு இடத்துக்கும் முந்தினதையும் பிந்தினதையும் தவிர வேறொன்றும் தெரியாது. இந்த வழியை யோசித்தது எந்தச் சாத்தானும் இல்லை, அமெரிக்கக் கடற்படையின் ஆய்வுகூடம், தொண்ணூறுகளின் நடுவில். பிறகு ஏன் எல்லோருக்கும் விட்டார்கள்? கடற்படை மட்டும் பாவித்தால், அதில் வருகிறவன் எவனும் கடற்படைக்காரன் என்று தெரிந்துவிடும். மறைய வேண்டுமென்றால் சனம் வேண்டும். மாஸ்டர் இந்த இடத்தில் தலையாட்டினார், நியாயம் அவருக்குப் பிடித்துவிட்டது. பிபிசியும் 2019இல் அங்கே ஒரு வாசல் திறந்தது, தன் செய்தியைத் தடுக்கிற நாடுகளில் உள்ளவர்களுக்காக.

பிறகு மாஸ்டர் மரியானா வெப்பைப் பற்றிக் கேட்டார். உள்ளே போக குவாண்டம் கொம்பியூட்டர் வேண்டுமாம், வத்திக்கானின் இரகசியமும் அட்லாண்டிஸ் எங்கே என்பதும் அங்கே இருக்கிறதாம். நான் நிலாவரையைச் சொன்னேன். அடியே இல்லாத கிணறு, தேசிக்காய் போட்டால் கீரிமலையில் மிதக்கும் என்று எத்தனை தலைமுறை சொன்னது! நாங்கள் கத்தியால் எழுத்து வெட்டிப் போட்டுவிட்டு வர, மூர்த்தி கீரிமலையில் பொழுதுபடும்வரை காத்திருந்தானே, பாவம், அவனுக்கு இன்னும் கோபம். சுண்ணாம்புக்கல்லுக்குள் தண்ணீர் நிற்கிறது, மேலே நல்ல தண்ணீர், கீழே போகப் போக உப்பு, அவ்வளவுதான். அது மற்றவன் சொல்லிக்கொண்டே இருப்பதால் ஆழமாகிக்கொண்டே போன கிணறு. மரியானாவும் அதே சாதி. தேசிக்காயைக் கண்டவன் எவனும் இல்லை.

ரெட் ரூமும் அப்படித்தான். காசு கட்டினால் ஒருவனைச் சித்திரவதை செய்வதை நேரடியாகக் காட்டுவார்களாம். டோரில் ஒரு சாதாரணப் பக்கம் திறப்பதற்குள் பிளேன்ரீ ஆறிவிடும், அதில் நேரலை எங்கே ஓடுவது? ஒன்றாவது உண்மையென்று இன்றுவரை யாரும் காட்டவில்லை. போதைப்பொருள் சந்தை உண்மை. சின்னப் பிள்ளைகளை வைத்துச் செய்கிற கொடுமை உண்மை, அதைப் பற்றிப் பகிடி விட மனம் வராது. ஆனால் கூலிக்குக் கொல்லுகிறோம் என்ற தளங்கள் பச்சை ஏமாற்று. பெசா மாஃபியா என்று ஒன்று. 2016இல் அதன் உள்விவரங்கள் வெளியே வந்தபோது பார்த்தால், பிட்கொயின் வாங்கியிருக்கிறார்கள், ஒருவரையும் தொடவில்லை.

இதில் சிரிக்க முடியாத பக்கமும் உண்டு, குணா. அமெரிக்காவில் மினசோட்டாவில் ஒருவன் தன் மனைவியைக் கொல்ல அந்தத் தளத்துக்குக் காசு கட்டினான். ஏமாற்றிவிட்டார்கள். உன்னைக் கொல்லச் சொல்லி யாரோ கேட்டிருக்கிறான் என்று எஃப்.பி.ஐ. அந்தப் பெண்ணிடம் போய்ச் சொல்லியும் இருக்கிறது, யாரென்று தெரியவில்லை. 2016 நவம்பரில் அவனே அவளைக் கொன்றான். 2018இல் ஆயுள்தண்டனை. அவள் எந்த இருட்டுக்குள் எதிரியைத் தேடியிருப்பாள்? அவன் அதே வீட்டில், பக்கத்து அறையில் இருந்தான். இதை மாஸ்டருக்குச் சொல்லவில்லை, உனக்குத்தான் எழுதுகிறேன்.

அந்த இருட்டு உலகத்து ராசாக்கள் எப்படிப் பிடிபட்டார்கள் என்று கேட்டால் உனக்குச் சிரிப்பு வரும். சில்க் ரோட் என்ற போதைப்பொருள் சந்தையை நடத்திய ரோஸ் உல்பிரிக்ட், தொடக்க நாட்களில் ஒரு திறந்த தளத்தில் ஆள் தேடி விளம்பரம் போட்டு, சொந்தப் பெயரிலிருந்த ஜிமெயில் முகவரியைக் கொடுத்திருந்தான். வரித் திணைக்கள அதிகாரி ஒருவர் அதைக் கண்டுபிடித்தது கூகுளில் தேடி! 2013 ஒக்டோபரில் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு பொது நூலகத்தில், மடிக்கணினி திறந்தபடி இருக்க, பிடித்தார்கள். ஆயுள்தண்டனை கிடைத்து, 2025இல் ட்ரம்ப் மன்னிப்புக் கொடுத்து வெளியே வந்துவிட்டான், அது வேறு கதை. அல்பாபே என்ற அதேமாதிரிச் சந்தையின் முதலாளி 2017இல் பாங்கொக்கில் பிடிபட்டதற்கும் ஒரு பழைய ஹொட்மெயில் முகவரிதான் வழிகாட்டியது. புதிதாகச் சேருகிறவர்களுக்கு அனுப்பிய வரவேற்புக் கடிதத்தின் தலைப்புக்குள் அது கிடந்திருக்கிறது.

அப்படியென்றால் மாஸ்டரின் பாஸ்வேர்ட் எப்படிப் போனது? மகனைப் பார்க்கப் போன காலத்தில் எதிலோ பதிவுசெய்திருக்கிறார். அந்தத் தளத்தை உடைத்துக் கோடிக்கணக்கில் அள்ளியவன் அதைப் பட்டியலாக விற்றான், வாங்கினவன் வேறொருவனுக்கு விற்றான், கடைசியில் சும்மாவே கிடைத்தது. டார்க் வெப்பில் உண்மையாகவே நடக்கிற வியாபாரங்களில் ஒன்று இந்தச் சப்பென்ற பட்டியல்கள். லிங்க்டின் தளத்தில் 2012இல் களவுபோன பத்துக்கோடிக்கு மேற்பட்ட பேரின் விவரங்கள் 2016இல் விலைக்கு வந்தன. ‘ஹாவ் ஐ பீன் போன்ட்’ என்று ட்ரோய் ஹன்ட் என்ற அவுஸ்திரேலியர் நடத்துகிற தளம் இருக்கிறது. முகவரியை அடித்தால் எந்தெந்தக் களவில் அது இருக்கிறதென்று காட்டும். மாஸ்டருக்கு முன்னாலேயே அடித்தேன். வந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, “அப்ப அவன் என்னைத் தெரிந்துகொண்டு எழுதவில்லை?” என்றார். இல்லை மாஸ்டர், உங்களுக்கு எழுதின நேரம் இன்னும் பல்லாயிரம் பேருக்கு எழுதியிருப்பான். உடனே ஒரு துண்டு கேட்டார். பத்து இலட்சம் பேருக்கு அனுப்ப, பத்தாயிரத்துக்கு ஒருவன் பயந்து கட்டினாலே நூறு பேர், ஆளுக்கு ஆயிரத்துத் தொள்ளாயிரம் என்று பெருக்கி, விடையின் கீழே இரண்டு கோடு போட்டார். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. சங்கிலி வீட்டுக்குத் திரும்பிப் போனது.

எனக்கு எரிச்சல் எங்கே என்றால், அந்த மனிசன் எத்தனை இரவு தனியாக இருந்து பயந்திருக்கிறார். மகனுக்குச் சொல்லவில்லை, எனக்குச் சொல்லவில்லை. அவர் ஒரு கெட்ட காரியமும் செய்யவில்லை, ஆனாலும் சொன்னால் சனம் என்ன நினைக்கும் என்ற வெட்கம். அந்தக் கடிதம் எழுதினவன் இந்த வெட்கத்தில்தான் சாப்பிடுகிறான், அதற்கு மேலே உன் படம் வேறு. எங்கள் ஊர்ச் சனத்துக்கு இப்படிக் கதைகள் சுலபமாக ஒட்டும், அதற்கும் காரணம் உண்டு. சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட காலத்தில் வாய்வழியாக வந்த கதைதானே எங்களைக் காப்பாற்றியது? 2019 ஏப்ரலில் குண்டுவெடிப்புக்குப் பிறகு பேஸ்புக்கையும் வட்ஸ்அப்பையும் நிற்பாட்டினார்கள், பெடியள் எல்லோரும் தடையைச் சுற்றிப் போகிற விபிஎன் போட்டுக்கொண்டு வந்தார்கள். மறைவாக ஒரு வழி இருக்கிறதென்பது இங்கே ஒருவருக்கும் ஆச்சரியமில்லை.

ஆனால் மறைக்காமல் கிடப்பதைப் பார்க்கிறார்களா? என் கடைக் கொம்பியூட்டரில் டவுன்லோட் போல்டரைத் திறந்தால் பாஸ்போர்ட், வங்கிப் புத்தகம், காணி உறுதி, எல்லாம் பிரின்ற் எடுத்தவர்கள் விட்டுப்போனவை. பின்னேரம் பூட்டமுன் எல்லாவற்றையும் அழிப்பது என் வேலை. வட்ஸ்அப்பைத் திறந்தபடி விட்டுவிட்டுப் போகிறார்கள். போன திருவிழாவில் நல்லூர் வீதியில் கச்சான் வாங்கினேன். சரையை விரித்துப் பார்த்தால் ஒரு பெண்ணின் அடையாள அட்டைப் பிரதி, முகமும் இலக்கமும் விலாசமும் தெளிவாக. கச்சானைப் பொக்கற்றில் கொட்டிவிட்டு அதைக் கிழித்தேன். கடைக்காரனிடம் கட்டுக்கட்டாக அதே தாள்.

மாஸ்டர் திரும்பவும் சனசமூக நிலையத்துக்குப் போகிறார். ரி.வி. துவாயையும் எடுத்துவிட்டார். போன் கமராவில் பிளாஸ்டர் மட்டும் இன்னும் இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும். குறூப்பில் நீ அந்தப் படத்தை அழித்துவிட்டு மாஸ்டரோடு ஒருக்கால் கதை. வேறொன்றும் சொல்ல வேண்டாம், சுகம் விசாரி.

அம்மா உன்னிடம் அந்தக் கால் பூச்சு மருந்தைக் கேட்டுவிடச் சொன்னா, பச்சை மூடிதான் வேண்டுமாம். வருகிறாய் என்றால் மாம்பழக் காலத்துக்கு முன்பே சொல்லு, கட்டையன் ஓட்டோவில் ஏற்றிவரத் துடிக்கிறான்.

பிறகு, உன் பழைய யாகூ முகவரியையும் அந்தத் தளத்தில் அடித்துப் பார்த்தேன். சிரிக்காதே, வரிசையாக வந்தது. யாகூவில் 2013இல் போனது முந்நூறு கோடிக் கணக்கு, அதற்குள் நீ மட்டும் தப்புவாயா? பாஸ்வேர்ட் இன்னும் அந்தக் கொக்குவில் பெட்டையின் பெயர்தான் என்றால், மனிசிக்கு யாரும் ஈமெயில் போடுவதற்கு முன் மாற்றிவிடு.

உன்,
ரவி